நாளைக்கு எவ்வளவு ஊறப்போடுவது என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள்

ஈரோடு கருங்கல்பாளையத்தில் வீட்டு முன்கட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன். சாதாரண நாளில் 30 கிலோ போகும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கூடும், அடைமழையில் குறையும். இந்த வருமானத்தில்தான் பெண்ணை நர்சிங் படிக்க வைத்தேன், வாடகை வீட்டிலிருந்து ஒத்திக்கு மாறினேன், இரண்டாவது கிரைண்டரும் வாங்கினேன். இதற்காக யாரும் மேடை போட்டு மாலை போட மாட்டார்கள். ஆனாலும் அக்கம்பக்கத்தில் தையல், சத்துமாவு, டியூஷன் என்று ஆரம்பித்த பெண்கள் அடிக்கடி வந்து கேட்பார்கள்: "அக்கா, நீங்க மட்டும் எப்படி விடாம பண்றீங்க? எங்களுக்கு ரெண்டு மாசத்துல சலிச்சுப் போயிடுதுங்க."

எனக்கும்தான் சலிக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில் கிரைண்டர் பக்கத்தில் நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்? சலிப்பு வராமல் இருக்க என்னிடம் மருந்து கிடையாது. சலிப்பு வருகிற நேரத்தில் நான் எந்த முடிவும் எடுக்க வேண்டியிராதபடி நாளை ஒழுங்கு செய்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதப்போகிறேன். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன், உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

காலண்டர் தாளில் இரண்டு எண்

இட்லி மாவுத் தொழிலில் இன்று நினைத்து இன்றே எதையும் கூட்ட முடியாது. அரிசி நாலு மணி நேரமாவது ஊற வேண்டும். சாயங்காலம் கூட்டம் வந்தபிறகு "இன்னும் பத்து கிலோ அரைத்திருக்கலாமே" என்றால் நடக்காது. அதனால் ராத்திரி படுக்கப் போகுமுன் தினசரி காலண்டரில் அடுத்த நாள் தாளின் ஓரத்தில் இரண்டு எண் எழுதிவிடுவேன்: "அ 12, உ 3". அரிசி 12 கிலோ, உளுந்து 3 கிலோ. காலையில் தாளைக் கிழிக்கும்போது எண் கண்ணில் படும். அளந்து கொட்டித் தண்ணீர் ஊற்றுவதுதான் மிச்சம். இன்றைக்குச் செய்யலாமா, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா, உடம்பு அசதியாக இருக்கிறதே என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நேற்று ராத்திரியே முடிவாகிவிட்டது.

ஏன் காலண்டர் தாள் என்றால், அந்த எண்ணைத் தீர்மானிக்க வேண்டிய விவரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. அமாவாசை, கிருத்திகை என்றால் ஒருபொழுது இருக்கிற வீடுகளில் ராத்திரி சோறு கிடையாது, பலகாரம்தான். அன்றைக்கு உளுந்து அரைக் கிலோ கூட்டுவேன். முகூர்த்தம் என்றால் அதற்கு முந்தின நாள்தான் கூடும், ஏனென்றால் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குக் காலை டிபன் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எப்போதும் கூட்டம், ஞாயிறு காலை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். எங்கள் ஊரில் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை. வெளியூர் வியாபாரிகள் வந்து இறங்குவதால் மெஸ்காரர்கள் திங்கட்கிழமை அதிகமாகக் கேட்பார்கள். இதெல்லாம் ஜோசியம் பார்ப்பது போலத் தெரியும். எழுதி வைத்துப் பார்த்துப் பழகியதுதான். எழுதுவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் தைக்கிறவர் என்றால், நாளைக்கு முதலில் மிஷினில் ஏறப்போகிற பிளவுஸை ராத்திரியே வெட்டி, நூலையும் ஹூக்கையும் அதன்மேல் வைத்துவிட்டுப் படுங்கள். டியூஷன் எடுக்கிறவர் என்றால், நாளைக்கு எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் அடையாளம் வைத்துவிடுங்கள். நாளின் முதல் வேலை யோசனை கேட்காத வேலையாக இருக்க வேண்டும். காலையில் "எதிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று உட்கார்ந்தீர்களோ, அந்த இடத்தில்தான் போனைக் கையில் எடுப்பீர்கள்.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் முன்னேற முடியும் என்று போனில் வீடியோ போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எழுகிற நேரத்தைத் தொழில் சொல்ல வேண்டும். பால்காரர் மூன்றுக்கு எழுகிறார், பூக்கட்டுகிறவர் நாலுக்குச் சந்தையில் நிற்கிறார், அது அவர்கள் பிழைப்பு. நான் விற்பது சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை. காலை ஒன்பதுக்கு அரிசி ஊறினால் போதும், பதினொன்றரைக்கு உளுந்து, ஒரு மணிக்குக் கிரைண்டர். ஆறு மணிக்குத்தான் எழுகிறேன். தூக்கம் போதாமல் கிரைண்டருக்குள் கை விடுவதைவிட இரண்டு மணி நேரம் தூங்குவது மேல்.

ராத்திரி எழுதும் மூன்று வரி

இதுதான் முக்கியமான பழக்கம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை விடாதீர்கள்.

ஒரு சாதாரண கோடுபோட்ட நோட்டு. கடை மூடியதும், பாத்திரம் கழுவுவதற்கு முன்னால், நின்றபடியே மூன்று வரி. கழுவிவிட்டு எழுதலாம் என்று நினைத்தால் எழுத மாட்டீர்கள், படுத்துவிடுவீர்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"அரைத்தது 34. நேராக 16, கடைக்கு 11, மெஸ் 5 (கடன்), மிச்சம் 2.
கையில் 542, போனில் 720.
தீர்ந்த நேரம்: தீரவில்லை. மழை."

முதல் வரி சரக்கு, இரண்டாவது காசு, மூன்றாவது நேரமும் காரணமும். நேராக வாங்குகிறவர்களுக்குக் கிலோ 50, பெட்டிக்கடைகளுக்கு 42. பதினாறை ஐம்பதால் பெருக்கினால் 800, பதினொன்றை 42-ஆல் பெருக்கினால் 462, ஆக 1,262. கையிலும் போனிலும் இருப்பதும் 1,262. சரியாக வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நாற்பது ஐம்பது ரூபாய் குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். யாரோ போனில் அனுப்பியதாகக் காட்டிவிட்டுப் போன காசு வந்து சேரவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்து என்ன பிரயோசனம்?

மூன்றாவது வரியைப் பலபேர் விட்டுவிடுவார்கள், ஆனால் அதுதான் காசு தரும் வரி. ஆறரைக்கே மாவு தீர்ந்துவிட்டது என்றால் நமக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும், வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்வோம். உண்மையில் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் வந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் அடுத்த தெருவில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள், அங்கேயே பழகியும்விடுவார்கள். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை ஏழுக்கு முன்னால் தீர்ந்தால், நாலாவது சனிக்கிழமைக்கு உளுந்து கூட்ட வேண்டும் என்று நோட்டே சொல்லிவிடும். அதேபோல் புதன்கிழமைகளில் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று மிச்சம் தொடர்ந்து நின்றால், குறைக்க வேண்டும். நம் ஞாபகத்தை நம்பினால் நல்ல நாள் மட்டும்தான் நினைவில் நிற்கும், அல்லது ஒரே ஒரு மோசமான நாள். இரண்டையும் வைத்துக்கொண்டு தொழில் பண்ண முடியாது.

எந்தத் தொழிலுக்கும் இந்த மூன்று வரி உண்டு. தையலுக்கு: இன்று முடித்தது எத்தனை, வந்த காசு எவ்வளவு, சொன்ன தேதிக்குக் கொடுக்காதது எது, ஏன். டியூஷனுக்கு: வந்த பிள்ளைகள், வந்த ஃபீஸ், எந்தப் பிள்ளைக்கு எந்தக் கணக்கு ஏறவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கும் உண்டு: முடித்தது, நின்றுபோனது, யாரால் நின்றது. பத்து வரி எழுத ஆசைப்படாதீர்கள். பத்து வரி எழுதுகிற உற்சாகம் பத்து நாளில் தீர்ந்துவிடும்.

அளந்து பார்க்காத உழைப்பு

மாதம் ஒருமுறை, உளுந்து வாங்கி வந்த அன்று, ஒரு கிலோ மாவு எனக்கு என்ன விலைக்கு அடங்குகிறது என்று கணக்குப் போடுவேன். உளுந்து விலை ஒரே இடத்தில் நிற்காது, அதனால் இந்தக் கணக்கும் ஒரே இடத்தில் நிற்காது. ஒருமுறை போட்ட கணக்கைக் காட்டுகிறேன்.

இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 45 என்றால் 180. உளுந்து 1 கிலோ 130. உப்பு, வெந்தயம் 6. ஆக 316 ரூபாய்ச் சரக்கு. இதில் எனக்குப் பத்து கிலோ மாவு வரும், உளுந்து நல்லதாக அமைந்தால் கொஞ்சம் கூடவும் காணும். கிலோவுக்கு 31 ரூபாய் 60 காசு. கவருக்கு 2, கரண்டுக்கு ஒன்றரை, மிச்சம் நின்று வீணாவதற்கு 2. எல்லாம் சேர்த்துக் கிலோ 37 என்று வைத்துக்கொள்ளலாம்.

நேராக விற்றால் கிலோவுக்கு 13 ரூபாய் நிற்கும். கடைக்குப் போட்டால் 5 ரூபாய்தான். முப்பது கிலோவில் பாதி அப்படி, பாதி இப்படி என்றால் 195-ம் 75-ம், ஆக 270 ரூபாய். முப்பது கிலோவை ஐம்பதால் பெருக்கி "தினம் ஆயிரத்தைந்நூறு வருது" என்று சொல்கிற தங்கச்சிகள் இதைப் போட்டுப் பார்த்ததும் முகம் வாடிவிடுவார்கள். வாட வேண்டாம். இந்த எண் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். ஐந்து கிலோவைக் கடையிலிருந்து நேர் விற்பனைக்கு மாற்றினால் நாளுக்கு 40 ரூபாய் கூடும், மாதம் ஆயிரத்துச் சொச்சம். அதற்கு ஒரு கிலோ கூட அதிகம் அரைக்க வேண்டாம், வாசலில் ஒரு போர்டும், சாயங்காலம் சரியாக ஐந்துக்குக் கதவு திறப்பதும் போதும். "இன்னும் கடுமையாக உழை" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது காசுக்கு மட்டுமல்ல, இடுப்பு வலிக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக் காசும் தொழில் காசும் ஒரே பர்ஸில் கிடந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. போனில் காசு வாங்க ஆரம்பித்த பிறகு இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. மாவுக் காசு விழுகிற கணக்கிலிருந்தே கேஸ் சிலிண்டர், பிள்ளையின் ரீசார்ஜ், மளிகை என்று எல்லாம் போய்விடும், மாசக் கடைசியில் உளுந்துக்குக் காசு இருக்காது. தொழிலுக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வாசலில் ஒட்டுகிற கியூஆர் அட்டையை அந்தக் கணக்கோடு இணையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, உங்கள் கூலி என்று ஒரு தொகையை அதிலிருந்து வீட்டுக்கு எடுங்கள். கூலி எடுக்காமல் உழைப்பது பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். உங்களுக்குக் கூலி கொடுக்க முடியாத தொழில் உங்கள் வீட்டு ஆட்களின் சம்பளத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முடியாது என்று சொல்லப் பழகுவது

கடன் கேட்பவர்களில் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் சொந்தம் மாதிரிப் பழகியவர்கள். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்ற கூச்சம். மறுப்பதற்கு நல்ல மனசு, கெட்ட மனசு எதுவும் தேவையில்லை, முன்கூட்டியே தயாராக வைத்த ஒரு வாக்கியம் இருந்தால் போதும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியம்மா. "கண்ணு, ரெண்டு கிலோ குடு, பையன் வந்ததும் காசு அனுப்பறேன்" என்பார்.

"எடுத்துக்கங்க பெரியம்மா. போன வாரத்து ரெண்டு கிலோவும் நோட்டுல நிக்குதுங்க. அதை இன்னைக்குக் குடுத்துட்டா இதை எழுதிக்கறேன்."

"என்ன கண்ணு, நான் எங்க ஓடிடப் போறேன்?"

"நீங்க ஓட மாட்டீங்க. உளுந்துக் கடைக்காரர்தான் எனக்குக் கடன் தர மாட்டேங்கறார்."

பெரியம்மா சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். என் விதி ஒன்றுதான்: பழைய கடன் அடையாமல் புதுக் கடன் கிடையாது. இந்த விதி எல்லோருக்கும் ஒன்று, என் நாத்தனாருக்கும் அதுதான். ஆளுக்கு ஆள் மாறுகிற விதி என்றால் ஒவ்வொரு தடவையும் வாதாட வேண்டியிருக்கும். வாதாடி வாதாடியே நாள் போய்விடும். மெஸ்காரர்களுக்கு மட்டும் வாரக் கடன் உண்டு, சனிக்கிழமை தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் திங்கட்கிழமை மாவு போகாது. சந்தை நாளுக்கு மாவு வேண்டும் என்பதால் தீர்த்துவிடுவார்கள்.

வேலைக்கும் முடியாது சொல்ல வேண்டிவரும். "அடை மாவும் அரைச்சுக் குடு, ஆப்ப மாவும் குடு, தோசைப்பொடியும் போடு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றும் தனி ஊறல், தனிப் பாத்திரம், தனிக் கழுவல். ஒரு சரக்கு கையில் நன்றாக ஓடி, மிச்சம் நிற்காமல் போகிற நிலைக்கு வந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

"மாவு பொங்கலீங்க"

மார்கழி மாதம் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, பாத்திரத்தோடு ஒருவர் நிற்பார். "மாவு பொங்கவே இல்லீங்க. இட்லி கல்லு மாதிரி வந்துருக்கு. பிள்ளைங்க சாப்பிடாம ஸ்கூலுக்குப் போயிடுச்சு."

இந்த நேரத்தில் வாயில் முதலில் வருவது "எங்க மாவு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பதுதான். அதை விழுங்கிவிட்டு நாலு கேள்வி கேட்பேன். எத்தனை மணிக்குக் கொண்டுபோனீங்க? வெளியே வச்சீங்களா, ஃப்ரிட்ஜிலயா? எந்தப் பாத்திரம், எவ்வளவு நிரப்பினீங்க? வேற எதாவது கலந்தீங்களா, தண்ணி ஊத்தினீங்களா? கேட்கும்போதே வந்தவரின் கோபம் பாதி இறங்கிவிடும், ஏனென்றால் நாம் சண்டைக்கு வரவில்லை, விசாரிக்கிறோம் என்று தெரிகிறது. பதிலிலிருந்து காரணமும் பெரும்பாலும் கிடைத்துவிடும்: வாங்கிப்போய் நேராக ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார், அல்லது எட்டு மணிக்கு வாங்கிக் காலை ஆறுக்கே இட்லி ஊற்றியிருப்பார்.

காரணம் புரிய வேண்டுமென்றால் மாவு ஏன் பொங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வருகிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. அதில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்கிற வகை. அவை மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. அரைத்த உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால்தான் மாவு மேலே ஏறுகிறது. சூடு இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும், குளிரில் மெதுவாக நடக்கும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். உப்பு இந்த வேலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால் கோடையில் அரைத்ததும் உப்புப் போட்டுவிடுவேன், மார்கழியில் "காலையில ஊத்தறதுக்கு முன்னாடி உப்புப் போட்டுக்கங்க" என்று சொல்லிக் கொடுப்பேன். கார்த்திகை கடைசியிலேயே கவரில் ஒரு துண்டுச் சீட்டும் வைத்துவிடுவேன்: சமையலறையில் வெதுவெதுப்பான மூலையில் மூடி வையுங்கள், பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சாயங்காலம் ஆறுக்கு முன்னால் வாங்குங்கள். சீட்டு வைத்த பிறகு மார்கழிக் காலைகளில் கதவு தட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மனப்பான்மை, மனப்பான்மை என்கிறார்களே, எனக்குத் தெரிந்த மனப்பான்மை இவ்வளவுதான். குறை சொல்லி வருகிறவர் நம்மைத் திட்ட வரவில்லை, பாத்திரத்தில் என்ன நடந்தது என்ற விவரத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் கடையை மாற்றிக்கொண்டு போகிறவர்தான் நமக்கு நஷ்டம். அன்றைக்கு நோட்டில் மூன்றாவது வரியில் "பொங்கவில்லை – ஃப்ரிட்ஜ்" என்று எழுதிவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க அதை நினைத்து உருண்டுகொண்டிருந்தால் அடுத்த நாள் காலண்டர் எண்ணை எழுத மறந்துவிடுவீர்கள்.

செய்கிற தொழிலின் காரணகாரியத்தை இந்த அளவுக்கு ஆழமாகத் தெரிந்துகொள்வதை நான் பெரிய முதலீடாக நினைக்கிறேன். உளுந்தை ஏன் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்கிறோம், மிக்ஸியில் அரைத்த மாவு ஏன் சூடேறிக் கெட்டியாகிறது, பழைய உளுந்து ஏன் மாவு காணாது என்று தெரிந்தவரிடம்தான் நாலு பேர் கேட்டு வாங்குவார்கள். தினம் பதினைந்து நிமிடம், கிரைண்டர் ஓடும் சத்தத்தில், உங்கள் தொழிலைப் பற்றி ஏதாவது ஒன்றைப் படியுங்கள் அல்லது தெரிந்தவரிடம் கேளுங்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் மாவுக்கடை போட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் இதே பதில்தான். எங்கள் தெருவிலும் போட்டார்கள். கிலோ 45 என்று போர்டு வைத்தார்கள். நான் விலையைக் குறைக்கவில்லை, 37 என்ற எண் எனக்குத் தெரியும், அவர்களுக்கும் அது ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும் என்றும் தெரியும். அவர்கள் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற நேரத்தில் நம் மாவுக்கு உப்புப் போட மறந்துபோகும்.

சின்னச் சின்னதாகச் சில

உணவுப் பொருள் எதை விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு எடுத்துவிடுங்கள். நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு அடிப்படைப் பதிவு போதும். அந்த 14 இலக்க எண்ணைக் கவரில் போட்டால், பெட்டிக்கடைக்காரர் நம்மிடம் பேசும் தோரணையே மாறிவிடும். மெஷின் வாங்கப் பணம் வேண்டுமானால் வட்டிக்காரரிடம் போகுமுன் வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள், சிசு என்கிற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கிறார்கள். கேட்கப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். தினசரி வரவு எழுதிய நோட்டு வைத்திருக்கிற ஆளுக்கும் வெறும் வாயால் சொல்கிற ஆளுக்கும் மேனேஜர் வித்தியாசம் பார்ப்பார்.

சேமிப்புக்குத் தபால் நிலையத்து ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு, எனக்குத் தோதாக இருக்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருடக் கணக்கு. மாதாமாதம் வருகிற மகளிர் உரிமைத்தொகையை வீட்டுச் செலவில் கரையவிடாமல் அப்படியே அதில் போடுகிற பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அதுபோக ஒரு தகர டப்பாவில் தினம் 20 ரூபாய் தனியாக விழும். அது மெஷினுக்கு. கிரைண்டர் கல் தேய்ந்தால் கொத்த வேண்டும், பெல்ட் அறும், மோட்டார் ஒருநாள் புகையும். இது நடக்குமா என்ற கேள்வி இல்லை, என்றைக்கு என்பதுதான் தெரியாது. டப்பா இருந்தால் அது ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் அது கம்மல் அடகுக்குப் போகிற நாள்.

வாரத்தில் ஒருநாள் லீவு வையுங்கள், எந்த நாள் என்று வாசலில் எழுதிப் போடுங்கள். எனக்கு வியாழக்கிழமை. லீவே விடாமல் உழைத்தேன் என்று பெருமை பேசுகிறவர்கள் ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிடுவார்கள், வாடிக்கையாளருக்கும் என்றைக்குக் கதவு திறக்கும் என்று தெரியாது. நேரம் தவறாமல் மூடுகிற கடைக்கு ஆட்கள் பழகிக்கொள்வார்கள், தோன்றினால் மூடுகிற கடைக்குப் பழக மாட்டார்கள்.

நீங்கள் இல்லாத நாளுக்கும் தயார் செய்துவையுங்கள். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கிரைண்டருக்கு மேலே ஒட்டுங்கள்: எத்தனை மணிக்கு எது ஊற வேண்டும், உளுந்துக்கு எத்தனை நிமிடம், அரிசி எந்தப் பதம் (என் அட்டையில் "ரவை பதம், நைஸ் வேண்டாம்" என்று இருக்கிறது), எத்தனை கிலோவுக்கு எவ்வளவு உப்பு, எந்தக் கடைக்கு எவ்வளவு. எழுதும்போதுதான் நம் கைக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் எத்தனை என்று புரியும். எழுதி ஒட்டிய பிறகு ஒருநாள், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, வீட்டுக்காரரையோ பெண்ணையோ அட்டையைப் பார்த்துச் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்களோ, அந்த இடத்தில் அட்டையில் ஒரு வரி சேருங்கள். அது சரியாக அமைந்துவிட்டால் பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்திரி தங்கிவிட்டு வரலாம், மாவு நிற்காது. கல்லைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்பதை மட்டும் கூடுதலாக இரண்டு வரி எழுதுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் மாவை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஒழுங்காகக் கழுவியதில்லை.